மனிதனுக்கு மார்க் போடும் கறுப்புக் கண்ணாடி

சேரப்பணஞ்சேரி ஒரு சிறிய ஊர். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில், ஒரகடத்துக்கு அருகே இருக்கிறது. ஒரு காலத்தில் ஏரியும் நெல்லும், மாடும் கன்றுமாக இருந்த வட்டாரம் இது. இன்று கார் வேண்டுமா, லாரி வேண்டுமா, மோட்டார் சைக்கிள் வேண்டுமா, டயர் வேண்டுமா, எல்லாம் இந்தச் சுற்று வட்டாரத்தில் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் போனால் செல்போன் தயாராகிறது.

செல்போனின் முகம் எப்படி இருக்கும்? வெளிச்சம் அணைந்திருக்கும்போது அது ஒரு கறுப்புக் கண்ணாடி. குனிந்து பார்த்தால் பார்ப்பவரின் முகம்தான் அதில் தெரியும்.

இந்தக் கறுப்புக் கண்ணாடியின் பெயரையே வைத்து இங்கிலாந்தில் ஒரு டெலிவிஷன் தொடர் எடுத்தார்கள். ‘பிளாக் மிரர்’ என்பது அதன் பெயர். உருவாக்கியவர் சார்லி புரூக்கர். 2011-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அது முதன்முதலாக ஒளிபரப்பாகியது. ஒவ்வொரு வாரமும் ஒரு தனிக்கதை. எல்லாம் விஞ்ஞானக் கற்பனை. ஆனால் ராக்கெட் பறக்காது. வேற்றுக்கிரக மனிதன் வரமாட்டான். நம் வீட்டில் இருக்கிற யந்திரம் இன்னும் கொஞ்சம் முற்றினால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

லண்டனில் எழுதிய அந்தக் கதைக்கும் ஒரகடம் சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கறுப்புக் கண்ணாடியைச் செய்யும் கைகள் இங்கே இருக்கின்றன. அதைப் பார்க்கும் கண்களும் இங்கே இருக்கின்றன.

ஐந்துக்கு எத்தனை?

2016-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி இந்தத் தொடரின் மூன்றாம் பகுதி வெளியாயிற்று. அதன் முதல் கதைக்கு ‘நோஸ்டைவ்’ என்று பெயர். ஆகாய விமானம் மூக்குக் குப்புற விழுவதை அப்படிச் சொல்வார்கள்.

அந்தக் கதையில் வரும் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு மார்க் உண்டு. ஐந்துக்கு இவ்வளவு என்று கணக்கு. தெருவில் எதிரே வருகிறவர், காப்பி கொடுக்கிறவர், லிப்டில் கூட நிற்கிறவர், எல்லாரும் ஒருவருக்கொருவர் செல்போன் மூலம் மார்க் போடுகிறார்கள். யாருக்கு எவ்வளவு மார்க் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். கண்ணிலேயே அதற்கு ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள்.

கதாநாயகியின் பெயர் லேசி. அவளுடைய மார்க் 4.2. மோசம் இல்லை. ஆனால் அவள் ஆசைப்பட்ட வீட்டைச் சலுகை வாடகைக்குப் பெற 4.5 வேண்டும். எனவே கண்ணாடி முன் நின்று சிரிக்கப் பழகுகிறாள். பிடிக்காத காப்பியைப் படம் பிடித்துப் பிரமாதம் என்று எழுதுகிறாள். சிறு வயதுத் தோழி ஒருத்திக்குக் கல்யாணம். பெரிய மனிதர்கள் வருவார்கள். அங்கே உருக்கமாகப் பேசினால் மார்க் ஏறும் என்று புறப்படுகிறாள்.

புறப்பட்ட நேரம் சரியில்லை. விமானம் ரத்தாகிறது. அடுத்த விமானத்தில் ஏற மார்க் கொஞ்சம் குறைகிறது. ஆத்திரத்தில் ஒரு வார்த்தை பேசிவிடுகிறாள். அதற்கு அபராதம், முழுசாக ஒரு மார்க். மார்க் குறைந்தவளுக்கு நல்ல வாடகைக் கார் கிடைக்காது. கிடைத்த பழைய காரும் நடுவழியில் நின்றுவிடுகிறது. மார்க் குறையக் குறைய உதவி குறைகிறது. உதவி குறையக் குறைய மார்க் இன்னும் குறைகிறது. கடைசியில் தோழியே “வராதே” என்று சொல்லிவிடுகிறாள்.

அவளுக்கு வண்டியில் இடம் கொடுப்பவள் ஒரு லாரி ஓட்டும் கிழவி. அவளுடைய மார்க் 1.4. கணவனுக்குப் புற்றுநோய். அவனுடைய மார்க் 4.3. ஆஸ்பத்திரியில் இருந்த சிகிச்சை 4.4 மார்க்காரருக்குப் போய்விட்டது. கணவன் இறந்தான். அன்றோடு மார்க்கைப் பற்றிய கவலையை விட்டுவிட்டாள் அந்தக் கிழவி.

கதையின் முடிவில் லேசி சிறையில் இருக்கிறாள். கண்ணிலிருந்து கருவியைப் பிடுங்கிவிட்டார்கள். எதிர் அறையில் இன்னொரு கைதி. இருவரும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்கிறார்கள். திட்டத் திட்ட அவர்கள் முகத்தில் சந்தோஷம் பொங்குகிறது. மார்க் போட ஆள் இல்லை அல்லவா?

இதே தொடரில், 2011-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி ஒளிபரப்பான இன்னொரு கதை தொழிற்சாலை வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அறைக்குள் உட்கார்ந்து நாள் முழுவதும் சைக்கிள் மிதிக்கிறார்கள். மிதிக்க மிதிக்கப் புள்ளி சேரும். ஒன்றரைக் கோடி புள்ளி சேர்ந்தால் ஒரு டெலிவிஷன் போட்டியில் ஏறலாம். ஜெயித்தால் சைக்கிளிலிருந்து விடுதலை. ஓர் இளைஞன் மேடையேறி, கழுத்தில் கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு, “எங்களை இப்படி வதைக்கிறீர்களே” என்று கதறுகிறான். நடுவர்கள் என்ன செய்கிறார்கள்? கை தட்டுகிறார்கள்! வாராவாரம் இப்படிக் கோபமாகப் பேச அவனுக்கே ஒரு நிகழ்ச்சி கொடுத்துவிடுகிறார்கள். எதிர்ப்பும் வேடிக்கையாகி விடுகிறது.

கட்டை விரல் பிறந்த கதை

இந்தக் கற்பனைக்கு விதை எங்கே? 2009-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி ‘பேஸ்புக்’ கம்பெனி ஒரு பொத்தானை அறிமுகப்படுத்தியது. கட்டை விரலை உயர்த்திய படம். அதுதான் ‘லைக்’. அதற்கு முன்பு ஒருவர் எழுதியது பிடித்திருந்தால் நாலு வார்த்தை எழுத வேண்டும். பொத்தான் வந்த பிறகு எழுத வேண்டியதில்லை, அழுத்தினால் போதும்.

வார்த்தை எண்ணிக்கையாக மாறியதுதான் இதில் முக்கியமான விஷயம். “உன் பாட்டில் அந்த இரண்டாவது அடி நன்றாக இருந்தது” என்று ஒருவர் சொன்னால் பாடினவளுக்கு ஒரு விஷயம் தெரிகிறது. “உனக்கு 212 லைக்” என்றால் என்ன தெரிகிறது? நேற்று 300 வந்ததே, இன்று ஏன் குறைந்தது என்ற கவலைதான் தெரிகிறது.

லைக் எப்போது வரும், எத்தனை வரும் என்பது யாருக்கும் தெரியாது. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார். 1957-ல் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். எத்தனை தடவை கொத்தினால் விழும் என்பது நிச்சயம் இல்லாதபோது, புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தானியத்தை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தியது. சூதாட்ட யந்திரத்தின் ரகசியம் இதுதான். விரலால் திரையை இழுத்து இழுத்துப் பார்ப்பதன் ரகசியமும் இதுதான்.

இதில் லாபம் யாருக்கு? பொத்தானை அழுத்துகிறவர் காசு கொடுப்பதில்லை. ஆனால் அவர் திரையைப் பார்க்கும் ஒவ்வொரு நிமிஷமும் விளம்பரக்காரருக்கு விற்கப்படுகிறது. புகழ் ஆசை ஒரு மூலப்பொருள் ஆகிவிட்டது. இரும்பும் ரப்பரும் போல.

நாலு பேரும் நாலாயிரம் பேரும்

பிறர் மெச்ச வேண்டும் என்ற ஆசை புதிது அல்ல. “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்று கேட்காத தமிழ்க் குடும்பம் உண்டா? கல்யாண வீட்டில் மொய் நோட்டு இருக்கிறது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அதில் பதிவாகிறது. அதுவும் ஒருவகை மார்க் பட்டியல்தான். நாலு பேருக்குப் பயந்து கடன் வாங்கிக் கல்யாணம் செய்து அழிந்த குடும்பங்கள் ஏராளம். நாலு பேர் வாய்க்குப் பயந்து படிப்பை நிறுத்திய பெண்களும் ஏராளம். எனவே பழைய காலம் பொற்காலம், செல்போன் வந்துதான் கெட்டது என்று சொன்னால் அது உண்மை ஆகாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த நாலு பேர் யார் என்று நமக்குத் தெரியும். அவர்கள் பேசுவார்கள், ஏசுவார்கள். அதே சமயம், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தோள் கொடுக்க வருவதும் அந்த நாலு பேர்தான். மொய் எழுதியவர் வீட்டில் விசேஷம் வந்தால் நாம் திருப்பி எழுத வேண்டும். பேச்சுக்குப் பின்னால் ஒரு பொறுப்பு இருந்தது.

கறுப்புக் கண்ணாடியில் வரும் நாலாயிரம் பேருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. லைக் போட்டவர் அடுத்த விநாடி மறந்துவிடுகிறார். இகழ்ந்து எழுதியவரும் மறந்துவிடுகிறார். படித்தவருக்குத்தான் தூக்கம் போகிறது.

ஆட்டமும் பாட்டமும்

தமிழ்நாட்டில் இந்த ஆசை எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு ‘டிக்டாக்’ ஓர் உதாரணம். சில விநாடிகள் ஓடும் படம்; ஆடலாம், பாடலாம், சினிமா வசனம் பேசலாம். நடவு செய்கிறவரும் ஆடினார், பாட்டியும் ஆடினார். 2019-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி சென்னை ஐகோர்ட்டின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. அதே மாதம் 24-ந் தேதி தடை நீங்கியது. பிறகு 2020-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 59 சீனச் செயலிகளை மத்திய சர்க்கார் தடை செய்தது. டிக்டாக்கும் அதில் போயிற்று.

ஆசை போயிற்றா? இல்லை. அடுத்த மாதமே ‘இன்ஸ்டாகிராம்’ தன் ‘ரீல்ஸ்’ பகுதியை இந்தியாவில் திறந்தது. செப்டம்பரில் ‘யூடியூப்’ தன் ‘ஷார்ட்ஸ்’ பகுதியை இந்தியாவில்தான் முதலில் ஆரம்பித்தது. ஒரு கடையை மூடினார்கள். இரண்டு கடை திறந்தன. கடையை மூடுவதால் பசி தீராது என்பது அப்போது தெரிந்தது.

அது என்ன பசி? இந்தத் தொழிற்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வடமாவட்டங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் இளைஞர்களும் இளம்பெண்களும் இங்கே வேலைக்கு வருகிறார்கள். பலருக்கு ஊர் தூரம். விடுதியில் வாசம். கம்பெனி பஸ்ஸில் போக்குவரத்து. ஒரே திருகாணியை, ஒரே இடத்தில், ஒரே விதமாக, ஷிப்டு முடியும் வரை பொருத்த வேண்டும். சரியாகப் பொருத்தினால் யாரும் பேசமாட்டார்கள். தவறினால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பல ஆலைகளில் வேலை நடக்கும் இடத்துக்குள் செல்போனைக் கொண்டு போகவும் அனுமதி இல்லை.

எட்டு மணி நேரம் யாரும் முகம் பார்க்காத ஒரு பெண், விடுதிக்கு வந்து, தலை சீவிப் பூ வைத்து, ஒரு பாட்டுக்கு வாயசைத்துப் படம் போடுகிறாள். ஐம்பது பேர் பார்த்தார்கள் என்றால் அவளுக்குச் சந்தோஷம். இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? அவளை ஆட்டம் போடுகிறவள் என்று ஏசுகிறவர்கள், அவளுடைய வேலையை ஒரு நாளாவது பாராட்டியது உண்டா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

‘நோஸ்டைவ்’ கதையில் வரும் லேசிக்கு நல்ல உத்தியோகமும் வீடும் இருந்தன. மேலும் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இங்கே பலர் தேடுவது மேலும் அல்ல. “நீயும் ஒரு ஆள்தான்” என்ற ஒரு சொல்.

நட்சத்திரமே சம்பளம்

மார்க் ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். மார்க்கே பிழைப்பாகிவிட்டவர்களும் இருக்கிறார்கள். சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பவர்கள், செயலி மூலம் கார், ஆட்டோ ஓட்டுகிறவர்கள். ஒவ்வொரு சவாரிக்கும், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வாடிக்கையாளர் நட்சத்திரம் போடுகிறார். ஐந்துக்கு இவ்வளவு. கதையில் வந்த அதே கணக்கு!

நட்சத்திரம் குறைந்தால் வேலை குறையலாம், கணக்கே முடங்கலாம். மழையில் சாலை மூழ்கியதால் தாமதமா, ஓட்டலில் சமையல் தாமதமா என்பது நட்சத்திரத்துக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தியவருக்கு அது ஒரு விநாடி எரிச்சல். பெற்றவருக்கு அது ஒரு நாள் கூலி. முறையிட நினைத்தால் பெரும்பாலும் பதில் சொல்வது யந்திரம்.

கதையில் எல்லாரும் எல்லாருக்கும் மார்க் போட்டார்கள். வாழ்க்கையில் அப்படி இல்லை. காருக்குள் இருப்பவருக்கு ஓட்டுகிறவரும் மார்க் போடலாம்தான். ஆனால் அதனால் பயணியின் சம்பளம் குறைந்துவிடாது. மார்க் மேலேயிருந்து கீழே பாயும்போதுதான் பலமாக அடிக்கிறது.

கம்பெனிகளுக்கே மார்க் போட்டால் என்ன? அப்படியும் செய்தார்கள். ‘பேர்வொர்க்’ என்ற ஆராய்ச்சித் திட்டத்தினர், தொழிலாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துச் செயலிக் கம்பெனிகளுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறார்கள். 2022-ம் ஆண்டு இந்தியாவில் 12 கம்பெனிகளைப் பரிசீலித்தார்கள். யாருக்கும் பத்து கிடைக்கவில்லை. ஐந்து கம்பெனிகளுக்குப் பூஜ்யம்! பூஜ்யம் வாங்கிய ஓட்டுநர் வண்டி ஓட்ட முடியாது. பூஜ்யம் வாங்கிய கம்பெனி மறுநாளும் ஓடியது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் இந்தத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைக்கப்படும் என்று 2023-ம் ஆண்டு சுதந்திர தின உரையில் முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வாரியம் அமைந்தது. 2025-ல் சென்னை மாநகராட்சி இவர்கள் இளைப்பாற அண்ணாநகரில் குளிர்சாதன அறை திறந்தது. மத்திய சர்க்காரின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறியது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தது. இவர்களையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எல்லாம் நல்ல ஆரம்பம். ஆனால் “எனக்கு ஏன் நட்சத்திரம் குறைந்தது?” என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும், அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

சீனாவில் சர்க்காரே எல்லாருக்கும் மார்க் போடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. 2014-ல் அங்கே ‘சமூக நம்பகத் திட்டம்’ அறிவித்தது உண்மை. கோர்ட்டு உத்தரவுப்படி கடனைக் கட்டாதவர்களை விமானத்திலும் அதிவேக ரெயிலிலும் ஏறவிடாமல் தடுத்ததும் உண்மை. ஆனால் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரே தேசிய மார்க் என்பது அங்கே இல்லை. சீனாவைப் பார்த்து நடுங்குகிறவர்கள், சாப்பாடு கொண்டுவந்த பையனுக்கு இரண்டு நட்சத்திரம் போட்ட தங்கள் விரலைப் பார்ப்பதில்லை.

அந்த டிசம்பர் இரவு

எண்ணிக்கை பெருகினால் உண்மை ஆகிவிடுமா? இந்த வட்டாரம் அதற்கும் ஒரு பாடம் கண்டது.

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம். சுங்குவார்சத்திரத்தில் செல்போன் செய்யும் ‘பாக்ஸ்கான்’ ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதி ஒன்றில், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 150-க்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகளைப் பற்றி மற்றவர்களுக்குத் தகவல் இல்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பிலும் யூடியூப்பிலும் செய்தி பரவியது. கைக்குக் கை, விடுதிக்கு விடுதி அது ஓடியது.

17-ந் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் வரை போக்குவரத்து நின்றது. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் நேரில் வந்து எடுத்துச் சொன்னார்கள். வதந்தி பரப்பியதாக யூடியூப் பேச்சாளர் ஒருவர் கைதானார்.

இதில் இரண்டு உண்மைகள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாவுச் செய்தி பொய். எத்தனை ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் அது பொய்தான். பகிர்ந்தவர் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று காட்டும் கறுப்புக் கண்ணாடி, விசாரித்தவர்கள் எத்தனை பேர் என்று காட்டுவதில்லை.

ஆனால் குறை பொய் அல்ல. அடைசலான அறைகளில் தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை என்று விடுதிகளின் நிலைமை பின்னர் பத்திரிகைகளில் வெளியாயிற்று. ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தகுந்த தரத்தில் இல்லை என்று ‘ஆப்பிள்’ கம்பெனி ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைத் தன் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது. 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதிதான் ஆலை மறுபடி திறந்தது. கேட்க வேண்டிய காது முன்பே கேட்டிருந்தால் வதந்திக்கு வேலையே இருந்திருக்காது.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி வல்லம்-வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான பெரிய குடியிருப்பை முதல்-மந்திரி திறந்து வைத்தார். 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். படுக்க ஒரு கட்டில், குளிக்கத் தண்ணீர். இதற்கு ஈடாக எத்தனை கோடி லைக் வேண்டும்?

அங்கீகாரம் என்ற சொல்

அதே ஆண்டு செப்டம்பர் மாதம் ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு சம்பவம். ‘சாம்சங்’ ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் 9-ந் தேதி வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். குளிர்ப்பெட்டி, துணி துவைக்கும் யந்திரம், டெலிவிஷன் பெட்டி ஆகியவை செய்யும் ஆலை அது. சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் அவர்கள் அழுத்திக் கேட்டது ஒரு சொல்: அங்கீகாரம். “எங்கள் யூனியனை அங்கீகரிக்க வேண்டும்.”

கம்பெனி தன் பெயர் யூனியனின் பெயரில் வருவதை ஆட்சேபித்தது. தொழிலாளரோடு நேராகப் பேசவே விரும்புவதாகச் சொன்னது. மந்திரிகள் சமரசம் பேசினார்கள். 37 நாட்களுக்குப் பிறகு அக்டோபர் மத்தியில் வேலை நிறுத்தம் முடிந்தது. 2025-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி யூனியன் பதிவாயிற்று.

எந்தப் பக்கம் நியாயம் எவ்வளவு என்பதில் பலருக்குப் பல அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் இந்த ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். செல்போனில் தேடுவதும் அங்கீகாரம்தான். ஆலை வாசலில் கேட்டதும் அங்கீகாரம்தான். இரண்டும் ஒன்றா?

செல்போன் தரும் அங்கீகாரம் ஒரு விநாடியில் வரும், காசு செலவில்லை. ஆலை வாசலில் கேட்டது வர 37 நாள் சம்பளத்தை இழக்க வேண்டியிருந்தது. பிறகும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. முதலாவதில் ஒருவர் தனியாக நிற்கிறார். மற்றவரைவிடத் தனக்கு அதிகம் வேண்டும். இரண்டாவதில் பலர் சேர்ந்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் ஒன்றுபோல வேண்டும். முதலாவது நாளைக்கு இறங்கிவிடலாம். இரண்டாவது பதிவேட்டில் இருக்கும். குறை சொன்னால் எதிரே இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

சார்லி புரூக்கரின் கதைகள் காணத் தவறிய இடம் இது. அவருடைய கதைகளில் மனிதன் தனியாகத்தான் மாட்டிக்கொள்கிறான், தனியாகத்தான் முரண்டுபிடிக்கிறான். லேசிக்குக் கிடைத்த விடுதலை, சிறையில் திட்டுவது. சைக்கிள் இளைஞனுக்குக் கிடைத்தது, கோபத்தை விற்கும் வேலை. பக்கத்துச் சைக்கிளில் இருப்பவனோடு அவன் பேசவே இல்லை. பேசியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

வழி என்ன?

உலகம் முழுவதும் இதற்கு வழி தேடுகிறார்கள். 2021-ம் ஆண்டு மே மாதத்திலிருந்து இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளலாம். விரும்பினால் மறைக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். சாராயக் கடைக்காரர் “விரும்பினால் குடிக்காதே” என்று சொல்வது போல. 2023-ல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, சமூக ஊடகம் சிறுவர்களின் மனநலத்தைக் கெடுக்கக்கூடும் என்று எச்சரித்தார். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாதபடி செய்த சட்டம் 2025-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது.

சட்டம் வேலி போடும். ஆனால் பசிக்குச் சோறு போடாது. சோறு இங்கேதான் வேக வேண்டும். ஆலையில் நல்ல வேலை செய்தவரை மேஸ்திரி பெயர் சொல்லிப் பாராட்டுவது ஒரு பிடி சோறு. விடுதியில் குறை சொன்னால் மறுநாள் ஒருவர் வந்து பதில் சொல்வது இன்னொரு பிடி. ஊரிலிருந்து போன் செய்யும் தாய் தகப்பன், “பணம் அனுப்பினாயா?” என்பதோடு நிறுத்தாமல், “வேலை எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா?” என்று கேட்பது இன்னொரு பிடி. நட்சத்திரம் போடும் முன், வாசலில் நிற்பவர் நனைந்திருக்கிறாரா என்று பார்ப்பதும் அப்படித்தான்.

புகழை வேண்டாம் என்று தமிழ் ஒருபோதும் சொன்னதில்லை. திருவள்ளுவர் புகழுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் அதை எங்கே வைத்தார் என்பதைப் பார்க்க வேண்டும். 23-வது அதிகாரம் ஈகை. அடுத்த 24-வது அதிகாரம்தான் புகழ். கொடுத்த பிறகு வருவது புகழ் என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது.

கறுப்புக் கண்ணாடி இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. எதையும் கொடுப்பதற்கு முன்பே புகழ் வேண்டும் என்கிறது. ஆனால் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இருக்கும் தொழிலாளர்கள் ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள். உலகத்தின் கையில் இருக்கும் செல்போன்களில் ஒரு பங்கு இவர்கள் கொடுத்தது. சாலையில் ஓடும் கார்களில் ஒரு பங்கு இவர்கள் கொடுத்தது. அவர்களுக்குச் சேர வேண்டிய மதிப்பு பாக்கி இருக்கிறது. அது லைக்காகக் கொடுத்துத் தீர்க்கும் பாக்கி அல்ல.